கோயில் பக்கத்திலிருந்து அளந்தால்

1992

ஜூன் 3, புதன்

கத்திரி முடிந்து ஒரு வாரம். வெயிலிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆபீஸ் மின்விசிறி மதியமே நின்றுவிட்டது. ட்ரேஸிங் தாளில் உள்ளங்கை வியர்வை பட்டு மை பரவி, பிளேடால் சுரண்டிச் சுரண்டி ஒரு இடத்தில் ஓட்டை. எஞ்சினியர் பத்மநாபன் சார் பார்க்கவில்லை. பின்பக்கம் ஒட்டுப் போட்டாகிவிட்டது.

நாளைக்கு:
- செருப்பு வார்
- அம்மாவுக்கு மூட்டுத் தைலம்
- நூலகப் புத்தகம் (தவணை முடிந்து நான்கு நாள்)
- சாரிடம் பள்ளிக்கூடச் சாலை பற்றிக் கேட்க. பயப்படாமல்.

இன்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். அரைநாள் விடுப்பு என்பதால் நாலு மணிக்கே திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தேன். நான் படித்த அதே பள்ளி, அதே பச்சைக் கேட். கேட் வாசலில் அதே அஞ்சலை அக்கா. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோதும் மாங்காய்த் துண்டு, நெல்லிக்காய் விற்றாள், இப்போதும் அதுதான். முடி மட்டும் நரை.

மணி அடித்ததும் நெல்லிக்காயைச் சாக்கில் கவிழ்த்துவிட்டுக் காலி முறத்தோடு நடுரோட்டுக்குப் போனாள். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஜல்லி லாரி ஒன்று கிறீச்சென்று நின்றது.

“யம்மா, சாவறதுக்கு வேற வண்டி கெடைக்கலயா?”

“நீ ஓட்டற லட்சணத்துக்கு நீதான்டா முன்னாடி போவ. கொயந்தைங்க வர்றது கண்ணுல தெரில?”

பிள்ளைகள் கடந்தார்கள். அவள் திரும்பி வந்து முறத்தில் மறுபடி நெல்லிக்காயை அள்ளிப் போட்டாள். என்னைப் பார்த்து, “இன்னா கண்ணாடி பாப்பா, ஊட்டுக்கு இப்பவே வந்துட்ட? வேலய உட்டுட்டியா?”

கேட்டிலிருந்து எதிர்ப்பக்கம் வரை எண்ணிப் பார்த்தேன். என் காலடியில் பத்தொன்பது. நடுவில் இரண்டு முறை ஓட வேண்டியிருந்தது.

ஜூன் 5, வெள்ளி

காலையில் கொஞ்சம் மேகம், பிறகு ஏமாற்றம். நூலகம் இன்று விடுமுறை என்பதை மறந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தப் பத்தொன்பது மனதை விட்டுப் போகவில்லை. சின்ன வயதில் அதே இடத்தை அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தபோதும் எண்ணுவேன். அந்தக் குட்டிக் கால்களுக்கே பதினான்குதான்.

அப்போது தெரு எப்படி இருந்தது என்று எழுதி வைக்கிறேன். இன்னும் பத்து வருடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஸ்டேஷன் முனையில் அடிபம்பு, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு. அதைச் சுற்றிக் குடங்கள். அதற்கப்பால் வாய்க்கால் பாலம், ஒட்டகத் திமில் மாதிரி. சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளுவார்கள். பள்ளிக்கு முன்னால் இரண்டு பக்கமும் புங்கமரங்கள். மாவு மில்லுக்கு எதிரே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரு குட்டை. கோயில் முனையில் மாடுகள். யாராலும் வேகமாகப் போக முடியாது. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

சாயங்காலம் ஆவடித் தொழிற்சாலையில் சங்கு ஊதும். எங்கள் பள்ளி மணியும் அதே நேரம். சங்கு ஊதி இருபது நிமிடம் கழித்துத்தான் சைக்கிள்கள் கோயில் முனையில் திரும்பிப் பள்ளி வாசலுக்கு வரும். அதற்குள் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கடந்து வீடு சேர்ந்திருப்பார்கள். நான் மட்டும் கேட்டிலேயே நிற்பேன். முந்நூறு சைக்கிள், முந்நூறு காக்கிச் சட்டை, மணிச் சத்தம். அதில் ஒரு மணி இரண்டு தடவை அடிக்கும். அப்பா. முன்கம்பியில் ஏறிக்கொள்வேன். எண்ணெய், இரும்பு, வியர்வை வாசம்.

இப்போது மொபெட்டுகள். சங்கு ஊதி ஏழு நிமிடத்தில் பள்ளி வாசலுக்கு வந்துவிடுகின்றன. மணியும் மாறவில்லை, சங்கும் மாறவில்லை. நடுவில் இருந்த பதிமூன்று நிமிடத்தைத்தான் காணோம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன வருடம் இந்தச் சாலையை அகலப்படுத்தும் வரைபடத்துக்கு மை போட்டவள் நான்தான். பாலம் நீக்குக. அடிபம்பு நீக்குக. மரத்துக்கு ஒரு வட்டம், வெட்ட வேண்டிய மரத்துக்கு வட்டத்தின் மேல் பெருக்கல் குறி. ஒன்பது வட்டம், ஒன்பது பெருக்கல். கோடுகள் நன்றாக வந்திருக்கின்றன என்று சார் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் இப்போது கடிக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

கேட்டுவிட்டேன்!

ஆபீஸ் அலமாரியில் சார் யாரிடமோ வாங்கிப் போட்ட வெளிநாட்டு இதழ்கள் தூசி படிந்து கிடக்கின்றன. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஒன்றைப் புரட்டினேன். ஹாலந்தில் வீடுகள் இருக்கும் தெருக்களில் ரோட்டை வேண்டுமென்றே வளைக்கிறார்களாம். நடுவில் மரம், பூத்தொட்டி, மேடு. வண்டி தானாக மெதுவாகப் போகும்படி. படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடிபம்பும் குட்டையும் மட்டும்தான் குறை.

சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“போன வருஷம் எல்லாத்தையும் எடுத்தோம். இப்ப திருப்பி வைக்கணுங்கறே.”

“பள்ளிக்கூட வாசல்ல மட்டும் சார்.”

“ஹெட்மிஸ்ட்ரஸ் கூட நகராட்சிக்கு மனு குடுத்திருக்காங்க. சரி, வரைஞ்சு கொண்டா, பாப்போம்.”

நாலு மணிக்குள் வரைந்துவிட்டேன். பள்ளி கேட்டுக்கு முன்னும் பின்னும் முப்பது மீட்டர் தள்ளி ஒவ்வொரு வேகத்தடை. கேட்டுக்கு நேரே ரோட்டை இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துக் குறுக்கி, பிள்ளைகள் கடக்கும் தூரத்தைப் பன்னிரண்டு காலடி ஆக்கினேன். (தாளில் மீட்டரில்தான் போட்டேன். எண்ணியது காலடியில்.)

சார் சிவப்புப் பென்சிலால் குறுக்கலை அடித்துவிட்டார். “மேடு ரெண்டு போதும். அகலமாக்கின ரோட்டை நாமளே குறுக்கறோம்னு சொன்னா சிரிப்பாங்க.”

பாதி கிடைத்தது. பாதியாவது.

வரும் வழியில் அஞ்சலையிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“மேடா? என் கடை எதுக்கவா? அவன் பிரேக் போட்டு, கியர் போட்டு, பொகைய மொத்தம் என் மாங்கா மேல உடுவான். ஒனக்கு வேற வேல இல்லியா பாப்பா? கண்ணாலம் கட்டிகினு போ.”

ஜூன் 11, வியாழன்

நகராட்சி ஒப்புக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை. மேஸ்திரி தங்கவேலு. கோயில் பின்னால் பழைய ஊர்க்காரர். அவருக்கு வரைபடம் படிக்க வராது, அளவை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடு என்றார் சார். ஐந்து மணிக்குச் சொன்னார். நாளை வெள்ளி, நூலகம் கிடையாது. இன்றே போயாக வேண்டும். ஐந்து இருபது வண்டியைப் பிடித்தால்தான் முடியும். அவசர அவசரமாக எழுதினேன்:

120 மீ – மேடு
180 மீ – மேடு
அகலம் 3.5 மீ, உயரம் 10 செ.மீ.

சாரிடம் கையெழுத்து வாங்கி, மேஸ்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு ஓடினேன். வண்டி கிடைத்தது. புத்தகமும் கிடைத்தது. தடிமனான ரஷ்ய மொழிபெயர்ப்பு, நடுவில் நாற்பது பக்கம் காணோம். யாரோ பாதியில் கிழித்துக்கொண்டு போன அளவுக்கு அப்படி என்ன நடந்திருக்கும் அந்தப் பக்கங்களில்?

ஜூன் 15, திங்கள்

நேற்று முழுவதும் திருநின்றவூரில், அத்தை புதிதாக வாடகைக்குப் போயிருக்கும் வீட்டில். ஏரிக்காற்று, வெங்காய சாம்பார், எனக்கு ஒரு வரன் பற்றிய பேச்சு. வேலை நடப்பதைப் பார்க்க முடியவில்லை.

இன்று காலை நடையை வேகமாகப் போட்டேன். பள்ளி வாசலில் ஒன்றும் இல்லை. வழவழவென்று அதே கறுப்பு ரோடு. நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். தூரத்தில், தெருவின் அந்தக் கோடியில் மாவு மில் பக்கத்தில் கூட்டம்.

இரண்டு மேடும் அங்கே. மில்லுக்கு முன்னால் ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று. அழகாக, ஒழுங்காக, பிசிறில்லாமல்.

மில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இருவர்:

“எவன்டா இத்த இங்க போட்டான்?”

“கெவுர்மெண்ட்டுக்கு நம்ம மாவு மேல திடீர்னு பாசம் மாமே. தூசி பறக்காதுல்ல.”

கோயில் முனை வரை நடந்தேன். அங்கே ரோட்டோரத்தில் கற்பூரம் எரித்த கறுப்பு வட்டம், உடைத்த தேங்காய் ஓட்டுச் சில்லு, சுண்ணாம்பில் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து அளந்திருக்கிறார்கள்.

தெரு மொத்தம் அறுநூறு மீட்டர். நான் ஸ்டேஷன் பக்கமிருந்து நூற்றிருபது, நூற்றெண்பது என்று கணக்குப் போட்டேன். அவர் கோயில் பக்கமிருந்து. எங்கிருந்து என்று நான் எழுதவே இல்லை. பள்ளிக்கூடம் என்றுகூட எழுதவில்லை.

எனக்கு இந்தத் தெரு ஸ்டேஷனில் தொடங்குகிறது. அப்பா அம்மா திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது அங்கேதானே. என் உலகமே அந்த பிளாட்பாரத்திலிருந்து ஆரம்பம். வேறு ஒருவருக்கு வேறு பக்கத்தில் ஆரம்பிக்கலாம் என்று இருபத்து நாலு வருடத்தில் தோன்றியதே இல்லை.

சாரிடம் சொல்லவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

சொல்லவில்லை. சார் எழும்பூர் போய்விட்டார். (சாக்கு.)

அப்பா மொபெட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதே, “ஏளா வசந்தா, மில்லுப் பக்கம் எவனோ சுவரு கட்டி வச்சிருக்கான் பாத்தியா? முதுகு எலும்பு ரெண்டு எடத்துல நவந்துட்டு.”

அம்மா: “மெதுவாப் போனா என்னவாம்? சைக்கிள்ல போன மனுசன்தான நீங்க.”

“அதுக்கு முட்டு வலி. இதுக்கு முதுகு வலி. மனுசன் எதுல போவான்?”

நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அது நான்தான் அப்பா என்று நாக்கு நுனி வரை வந்தது.

ஜூன் 18, வியாழன்

பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருந்தால் தூங்கலாம்.

ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து நாலரைக்குக் கேட் எதிரே நின்றேன். மொபெட்டுகள் கோயில் முனையில் திரும்புகின்றன. மில் மேட்டில் முனகிக்கொண்டே ஏறி இறங்குகின்றன. இரண்டாவது மேடும் தாண்டியதும், எதிரே கால் கிலோமீட்டருக்கு மேல் காலி ரோடு. மேட்டில் விட்ட நேரத்தை அங்கே பிடிக்கிறார்கள். பள்ளி வாசலுக்கு வரும்போது முன்பைவிட வேகம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த ரோடு போ என்கிறது, போகிறார்கள். அதில் அப்பாவும் ஒருவர். என்னைக் கவனிக்காமலே போய்விட்டார்.

ஒன்றுமே போடாமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அஞ்சலை முறத்தோடு நடுவில். “இன்னா பாப்பா, மேடு மேடுன்னியே, ஓடிப்போச்சா?”

“வரும் அக்கா.”

திங்களன்று சாரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுவேன்.

ஜூன் 22, திங்கள்

சொல்லவில்லை. நகராட்சியில் அந்த மேடுகளின் அகல உயரத்தை அளந்து புத்தகத்தில் பதிந்துவிட்டதாக சார் சந்தோஷமாகச் சொன்னார். “உன் முதல் டிசைன் வசந்தா.” அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது?

ஜூன் 23, செவ்வாய்

அஞ்சலையை அடித்துவிட்டது.

மொபெட். நாலு முப்பத்தைந்து. முறத்தை உயர்த்தியிருக்கிறாள். பிள்ளைகள் நடுவில். அவன் பிரேக் பிடித்தும் சறுக்கியிருக்கிறது. இரண்டு சிறுமிகளைப் பின்னால் தள்ளிவிட்டு இவள் வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அம்மா பால் வாங்கப் போனவள் பார்த்திருக்கிறாள்.

நான் ஸ்டேஷனிலிருந்து வந்தபோது ரோட்டில் நெல்லிக்காய். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஏன் என்று தெரியவில்லை. முறம் இரண்டாகப் பிளந்திருந்தது.

ஜூன் 24, புதன்

ஆஸ்பத்திரி. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, இடுப்பில் அடி. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. மூன்று தடவை கேட்டுக்கொண்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறான், ஊர் தர்மபுரிப் பக்கம். அவன்தான் ஓட்டியவன். நேற்றிலிருந்து இங்கேயே இருக்கிறானாம். ஒரு பை சாத்துக்குடியை மடியில் வைத்துக்கொண்டு, கொடுக்கத் தெரியாமல்.

“மேட்டுல ஸ்லோ பண்ணேங்க, சத்தியமா. அது தாண்டுனதும் ரோடு ஃப்ரீயா இருந்திச்சு... பள்ளிக்கூடம் இருக்குதுன்னே ஒறைக்கலங்க. இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது.”

அஞ்சலை கண்ணை மூடியபடியே: “டேய் தருமபுரி, அத்த உரிச்சு குடு. பாத்துகினே இருந்தா வயிறு ரொம்புமா?”

அவன் உரிக்கக் கீழே உட்கார்ந்ததும் நான் சொல்லிவிட்டேன். மொத்தத்தையும். சீட்டு, இரண்டு எண்கள், ஐந்து இருபது வண்டி, நூலகம், எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“எட்டு நாளு,” என்றாள். “தெனம் என்ன பாத்துகினு போன.”

“ஆமாம் அக்கா.”

“வர்ர்ரும்னு சொன்னியே.”

“ஆமாம்.”

“மாங்கா குட்த்தேனே அன்னிக்கு, ஓசில. அத்தயும் துன்னுட்டுப் போன.” முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கமிருந்தே, “நான் படுத்துகினேன். நாளைக்கு மணி அடிச்சா அதுங்கள எவ இட்டாருவா? போய் அத்த பாரு. இங்க நின்னு மூக்க உறிஞ்சாத.”

ஜூன் 25, வியாழன்

மாலை நானே போனேன். முறத்துக்குப் பதில் ஆபீஸ் வரைபடக் குழாய். ஒருவரும் நிற்கவில்லை. நாலாவது தடவைதான் ஒரு பால்காரர் நின்றார். அந்த ஐம்பது வயதில் அவளுக்கு எப்படி நிற்கிறார்கள்? குரல். எனக்கு அந்தக் குரல் இல்லை.

காலையிலேயே சாரிடம் சொல்லியாயிற்று. பேனாவை மூடி வைத்தார். திறந்தார். மூடினார்.

“கையெழுத்து யாரோடது?”

“உங்களோடது சார்.”

“எத்தனை நாளா தெரியும்?”

“பத்து.”

“பிழை உன்னுதுன்னு எழுதிக் குடு.”

எழுதினேன். ‘அலுவலகக் குறிப்பில் நேர்ந்த விடுபடலால்’ என்று தொடங்கியிருந்தேன். படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். “அலுவலகம் எழுதல. நீ எழுதின. தமிழ் நெறையப் படிக்கறவதானே.” திரும்ப எழுதினேன்: ‘நான் எழுதிய சீட்டில்.’ அவர் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வேலை இருக்குமா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டார். “புது சீட்டு எழுது. இந்தத் தடவை மேஸ்திரியைப் பாத்து, அவர் எங்கேர்ந்து அளப்பாருன்னு கேட்டுட்டு எழுது.”

ஜூன் 26, வெள்ளி

கோயில் பின்தெரு. காலை ஏழு மணி. தங்கவேலு மேஸ்திரி பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் வாய் கொப்பளித்துவிட்டு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

“நூத்தியிருவது, நூத்தியெம்பது. நூல் புடிச்ச மேரி போட்டேன். ஒரு வெரக்கட தப்பு காட்டும்மா பாக்கலாம்.”

“தப்பே இல்லை. எங்கிருந்து அளந்தீங்க?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்கருந்து அளப்பாங்க? சாமிகிட்டருந்துதான்.”

“டிராயிங்கில் ஸ்டேஷன் பக்கமிருந்து...”

“டேஷன் நேத்து வந்துச்சு. எங்கப்பன் இங்க ஏரோட்டசொல்லோ இந்தத் தெரு வரப்பும்மா. தண்ணி கோயில் பக்கமிருந்துதான் வரும், அளவும் அங்கருந்துதான். இன்னிக்கும் சல்லி கொட்டறதுக்கு முன்ன அங்க கற்பூரம் காட்டாம நான் டேப்பப் பிரிக்கறதில்ல.”

பள்ளிக்கூட வாசலுக்கு என்று அப்போதுதான் சொன்னேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஸ்கோலுக்கா?” மெதுவாக, “அஞ்சலக்கா கை ஒடஞ்சது இதுனாலயா?”

தலையாட்டினேன்.

“அடப் போம்மா. ஸ்கோலுக்குன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா கண்ண மூடிகினு போட்டிருப்பேனே. என் பேத்தி அங்கதான் படிக்குது. ரெண்டே ரெண்டு நம்பர எழுதிக் குட்த்தா, நான் இன்னான்னு கண்டேன்?”

மில் பக்கத்து மேடுகளை உடைக்க மாட்டாராம். கற்பூரம் காட்டிப் போட்டதை உடைக்கும் வழக்கம் இல்லையாம். அது பாட்டுக்குக் கிடக்கட்டும். மிச்ச ஜல்லியும் தாரும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம், ஆனால் எழுதிய ஆள் வந்து டேப் முனையைப் பிடிக்க வேண்டும் என்றார். “நீயே புடி. அப்பறம் என்ன சொல்லாத.”

ரோட்டைக் குறுக்க நினைத்ததையும் அவரிடம் சொன்னேன். புதுச் சீட்டு, கோயிலிலிருந்து:

420 மீ – மேடு
450 மீ – பள்ளிக்கூடம் கேட். பிள்ளைகள் கடக்கும் இடம்
480 மீ – மேடு

ஜூன் 28, ஞாயிறு

ஆறு மணிக்கு கோயில் முனை. கற்பூரம், தேங்காய். டேப் முனை என் கையில், மறுமுனையோடு மேஸ்திரி நடந்து கொண்டே போனார். முப்பது மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. டேப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி. முதல் மேட்டுக்கே பதினாலு தடவை.

இந்தப் பக்கமிருந்து இந்தத் தெருவை நான் நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. கோயில், மில், பழைய ஊர் வீடுகள், அப்புறம்தான் நாங்கள் வந்து கட்டிய வீடுகள், கடைசியில் எங்கோ ஸ்டேஷன். என் வீடு தெருவின் வாலில் இருக்கிறது.

பதினொரு மணிக்கு இரண்டு மேடும் முடிந்தது. தார் வாசம். அப்போது மேஸ்திரி கேட்டார்: “அந்த ரோட்ட குறுக்கறதுன்னு இன்னாவோ சொன்னியே அன்னிக்கு, அது?”

“சார் அடிச்சிட்டார்.”

“அவர் அடிச்சாரு சரி. ஸ்கோல் பின்னாடி கட்டை கெடக்குது பாத்தியா?”

போய்ப் பார்த்தேன். போன வருடம் வெட்டிய புங்கமரங்கள். யாரும் ஏலம் எடுக்காமல் சுவரோரமாக, கரையான் கொஞ்சம் தின்றது போக, ஒன்பதில் ஆறு அடிமரம். என் ஆறு பெருக்கல் குறிகள்.

தர்மபுரிப் பையன் நான்கு பேரைக் குவார்ட்டர்ஸிலிருந்து கூட்டி வந்தான். அப்பாவும் வந்தார், முதுகு வலியை மறந்து. உருட்டி உருட்டி, கேட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, எதிர்ப்பக்கம் மூன்று, ரோட்டுக்குள் தள்ளிப் போட்டோம். சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினோம்.

“யாரைக் கேட்டு இதெல்லாம்?” என்றார் போகிற ஒருவர்.

மேஸ்திரி நிமிரவே இல்லை. “மரத்தக் கேட்டு. அதுங்க இங்கதான் இருந்துச்சு.”

அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் மட்டும், “மில்லு மேடும் நீதானா?”

“ஆமாப்பா.”

“ரசம் கலக்குன கலக்குலயே நெனச்சேன்.”

ஜூலை 1, புதன்

கடிதம் இன்னும் சாரின் இழுப்பறையில். புதிதாக ஒரு தாள் என் மேசையில் வைத்துப் போனார், பட்டரைவாக்கம் பக்கம் ஏதோ வடிகால். மூலையில் பென்சிலில்: ‘எங்கிருந்து?’ திட்டா, பாடமா, வேலை இருக்கிறது என்பதா? கேட்கவில்லை. கட்டைகளைப் பற்றி நகராட்சியிலிருந்து இதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாலை நான்தான் கேட்டில். வரைபடக் குழாய் தேவைப்படவில்லை.

ஜூலை 6, திங்கள்

நேற்று இடியோடு மழை. காலையில் ரோடு கழுவி விட்டது போல. சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்திருக்கிறது, மறுபடி அடிக்க வேண்டும்.

அஞ்சலை வந்துவிட்டாள். இடது கை கழுத்துத் தூளியில். கேட் பக்கத்துக் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் புது முறம், நெல்லிக்காய். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “கட்ட நல்லாத்தான் கீது. உக்கார வசதி. பொகைதான் சொன்னாப்ல வருது.”

மணி அடித்தது. பிள்ளைகள் கேட்டில் நின்றார்கள், அவள் எழுந்து வருவாள் என்று. அவள் எழவில்லை.

மொபெட்டுகள் வந்தன. மேட்டில் ஏறின, இறங்கின, கட்டைகளுக்கு நடுவே குறுகி, கால் ஊன்றி நின்றன. முதல் வண்டி அப்பா. ஹாரன் அடிக்கவில்லை.

“இன்னாடி நிக்கறீங்க? போங்க,” என்றாள் அஞ்சலை.

போனார்கள். யார் கையையும் யாரும் பிடிக்காமல், பேசிக்கொண்டே, ஒருத்தி நடுரோட்டில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு. மொபெட்டுகள் காத்திருந்தன. கடைசிப் பிள்ளையும் போனதும் அஞ்சலை மடியிலிருந்த முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் வேலய காலி பண்ட்டியே பாப்பா.”

எதிர்ப்பக்கம் பால் வாங்கப் போக வேண்டும், நின்றுகொண்டே இருந்தேன்.

அவள் முறத்தைக் கட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். வலது கையை நீட்டினாள். “வா. நீயாச்சும் புடி.”

பிடித்தேன். மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள் வாசம். சொரசொரப்பு மாறவே இல்லை.

எண்ணினேன். பன்னிரண்டு.